ஈரக் கயிற்றின் நுனி

என் அண்ணிக்கு ஒரு பழக்கம். ஓர் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவர்மேல் தொங்கும் கயிறுகளின் நுனிகளைப் பார்த்துவிடுவார். ஷூ நாடா, சுருக்குப் பையின் கயிறு, கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையின் பட்டை, எதுவானாலும் சரி. அண்ணனை முதன்முதலில் சந்தித்தபோது அவரிடம் பேசிய முதல் வார்த்தையே, "உங்க நாடாவுல ஒரு நுனி உரிஞ்சு போயிருக்கே, கோக்கும்போது எரிச்சல் வராதா?" என்பதுதான். அண்ணன் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் விடமாட்டார். "என் மூஞ்சிய அவ ரெண்டாவதாத்தான் பார்த்தா. அதனாலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு" என்பார்.

அண்ணியின் தொழிலே அதுதான். கயிறுகளுக்கும் ரிப்பன்களுக்கும் நுனி போடுவது. கயிற்று நுனியில் மாட்டும் உலோக உறைக்கு எங்கள் பக்கம் குப்பி என்று பெயர். அதனால் தெருவில் அவர் குப்பியக்கா. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. தபால்காரர் ஒருமுறை சரியான பெயரைச் சொல்லி விசாரித்தபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரரே திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டின் முன்னறை முழுக்க அவருடையது. சுவரோரம் கனமான மரமேசை. அதன்மேல் நான்கு போல்ட்டுகளால் இறுக்கிய இரும்பு பிரஸ். கைப்பிடியை இழுத்தால் மேலச்சு இறங்கிக் கீழச்சில் கவ்வும். துடைப்பக் கட்டைகளை அடுக்கடுக்காகச் சுவரில் பொருத்தி, அவற்றில் கயிற்று உருளைகளையும் ரிப்பன் சுருள்களையும் மாட்டியிருந்தார். பழைய பிஸ்கட் டப்பாக்களில் குப்பிகள்: குழல், மணி, மொட்டு, கூம்பு, மிளகளவு உருண்டை. பருத்திக் கயிறு என்றால் விரலை ஈரப்படுத்தி முறுக்கி, ஒரு சொட்டுப் பசை வைத்து, குப்பிக்குள் நுழைத்து அழுத்துவார். நைலான் என்றால் சூடான கம்பியால் அறுத்தாலே முனை உருகி மூடிக்கொள்ளும். பட்டையான ரிப்பனை விசிறிபோல மூன்றாக மடித்து, பல் வைத்த கவ்வியில் பிடிக்க வேண்டும். மடிப்பு ஒரு நூலிழை விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி செய்வார்.

"நுனி இல்லாத கயிறு ஓட்டைக்குள்ள போகாது. போனாலும் பிரிஞ்சு நாசமாப் போயிரும். கோக்கணும், பிரியாம இருக்கணும், அழகெல்லாம் அப்புறம்தான்" என்பார். ஆனால் அழகுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு நீலக் கயிற்றுக்கு வெள்ளி நிறமா கறுப்பா என்று பாதி மதியம் ஜன்னலோரம் வைத்து வைத்துப் பார்ப்பார். அண்ணன் வேலைபார்க்கும் இரும்புக் கடையிலிருந்து வீடு திரும்பினால், செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் மூக்குக்கு முன்னால் இரண்டு கயிறுகள் நீளும். எதைச் சொன்னாலும் அண்ணி மற்றதைத்தான் எடுப்பார்.

வேலையில் அவர் கறார். பத்துக்கு ஒன்றை எடுத்து, குப்பியைச் சுவரிலுள்ள கொக்கியில் மாட்டி, கயிற்றில் மூன்று கிலோ எடையைத் தொங்கவிடுவார். ஒரு மணிநேரம் தாங்கினால் அந்தக் கட்டு தேறும். கழன்றால் கட்டு முழுவதையும் அறுத்துப் போட்டுவிடுவார். முகம் சுளிக்காமல் அதைச் செய்வார் என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே சுளிப்பார். ஆனாலும் அறுப்பார்.

நான் மாடியில் குடியிருக்கிறேன். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இனி நான் சொல்லப்போவதில் பாதி நான் நேரில் பார்த்தது, மீதி அண்ணியும் அண்ணனும் சொன்னது.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, தொப்பி வைத்த குழந்தைச் சட்டைகளுக்காக அண்ணியிடம் கயிற்றுக்கு நுனி போடக் கொடுத்தது. கழுத்தைச் சுற்றித் தொப்பியைச் சுருக்கும் பருத்திக் கயிறு. இரண்டு முனையிலும் சின்ன மணிபோன்ற பொன்னிறக் குப்பி. கயிறும் குப்பியும் தொழிற்சாலையே அனுப்பியது. அண்ணி வழக்கம்போல எடை தொங்கவிட்டுப் பார்த்தார். ஒன்றுகூடக் கழலவில்லை. குளிர் தொடங்குவதற்குள் அத்தனையையும் முடித்து அனுப்பிவிட்டார். கடைவீதியில் அந்தச் சட்டைகள் தொங்கியபோது அண்ணி வேலையே இல்லாமல் இரண்டு முறை அந்தப் பக்கம் போய்வந்ததாக அண்ணன் கேலி செய்தார்.

பிரஸ் இழுத்து இழுத்து அண்ணிக்கு வலது மணிக்கட்டில் வலி கண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அதைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து, சீட்டு வாங்கிக்கொண்டு பொதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் ஒரு பெண். நகரப் பேருந்து ஓட்டுநரின் சீருடை. மடியில் ஒன்றேமுக்கால் வயதுக் குழந்தை, அந்தச் சட்டையில். குழந்தை இருமிக்கொண்டே கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

அண்ணி எப்படியும் நுனியைத்தானே பார்ப்பார். ஒரு முனையில் மணி இருந்தது. சப்பிக்கொண்டிருந்த முனை மொட்டையாக, சாமரம்போலப் பிரிந்திருந்தது.

எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தக் குப்பி எப்பம்மா கழண்டுச்சு?"

"எந்தக் குப்பி?"

"இந்தப் பக்கம் இருக்குல்ல, இதே மாதிரி அந்தப் பக்கமும் ஒண்ணு இருந்திருக்கும்."

"தெரியலையே. எங்கயாவது விழுந்திருக்கும். வாங்கி மூணு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள பல்லைக் காட்டிருச்சு."

"இருமல் எத்தனை நாளா?"

"இன்னியோட பன்னெண்டு நாள். ரெண்டு தடவை மருந்து கொடுத்தாங்க. கேக்கலை. காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. சும்மா இருமிக்கிட்டே இருக்கான்."

"மொதல்ல இருமினது எப்படி? கொஞ்சம் கொஞ்சமாவா, திடீர்னா?"

அந்தப் பெண் யோசித்தாள். "திடீர்னுதான். வெளையாடிக்கிட்டு இருந்தான். மூச்சு முட்டினாப்புல இருமினான். அப்புறம் சரியாயிருச்சு. நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. கொஞ்சம் எங்கூட வா" என்றார் அண்ணி.

மணிக்கட்டுச் சீட்டைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு நேராக என் அறை வாசலுக்கு வந்தார். மருத்துவர் எழுதித் தராமல் நான் படம் எடுக்க முடியாது. "எழுதி வாங்கிட்டு வாங்க அண்ணி" என்றேன். சண்டை போடவில்லை. திரும்பி நடந்தார். வரிசையில் நின்றவர்களிடம் என்ன சொன்னாரோ, கால்மணி நேரத்தில் கையெழுத்தோடு வந்துவிட்டார்.

படம் தெளிவாக இருந்தது. வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில், விலா எலும்புகளுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு மணி. நான் எத்தனையோ குழந்தைகள் விழுங்கிய காசு, திருகாணி, பொத்தான் எல்லாம் பார்த்திருக்கிறேன். அவை பெரும்பாலும் வயிற்றில் இருக்கும், தானாக வெளியே போகும். இது மூச்சுக்குழாய். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"தம்பி, அது நான் போட்டது" என்றார்.

"எத்தனையோ பேர் போடறாங்க அண்ணி."

"அந்தக் கயிறு மொத்தமும் நான் போட்டது."

குழந்தையின் அம்மாவிடமும் அவரே சொன்னார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், நானாக இருந்தாலும், நல்ல காரியம் செய்த திருப்தியோடு நழுவியிருப்போம். கூட்டத்திலிருந்து ஓர் அம்மா அக்கறையாக வந்து சொன்னாள், குழந்தை பிழைத்தது என்ற அளவில் விஷயம் முடிந்திருக்கும். அண்ணி அவள் முன்னால் நின்று, "இந்தக் கயித்துக்கு நுனி போட்டவ நான்தாம்மா. கழண்டது என் வேலை" என்றார். அந்தப் பெண் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஓர் அம்மா. பேச்சு குறைவு, கை வேகம். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார். அண்ணி கைப்பையைத் திறந்தார். எப்போதும் அதன் அடியில் நாலைந்து குப்பிகள் உருண்டுகொண்டிருக்கும். அதே பொன்னிற மணி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அளவு இதேதாங்க. உள்ள வாய் ஓரமா மூணு பல்லு இருக்கும், உள்பக்கமா மடங்கி. கயிறு உருவிக்கிட்டு வந்திருக்கறதால அதுல ஒண்ணாவது வெளிய நிமிர்ந்திருக்கலாம். வாய்ப் பக்கத்தப் புடிச்சு இழுத்தா கீறும். கழுத்துக்கிட்ட ஒரு பள்ளம் ஓடுது பாருங்க, அங்க புடிச்சா வழுக்காது."

மருத்துவர் அந்த மணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், நுழைக்கும் இடுக்கிகளில் மூன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாலும் அதைக் கவ்விக் கவ்விப் பார்த்தார். மூன்றாவது இடுக்கி பள்ளத்தில் நன்றாக உட்கார்ந்தது. "இத நான் வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் ஒன்றரை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். குழந்தையின் அம்மாவும் அண்ணியும் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பெண் திரும்பாமலே கேட்டாள்.

"எதுக்கு உங்க வேலைன்னு சொன்னீங்க? சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"டாக்டருக்கு உள்ள பல்லு இருக்கறது தெரியணும்ல" என்றார் அண்ணி. "அதை வேற யாரு சொல்லுவா?"

முக்கால் மணிநேரத்தில் மருத்துவர் வெளியே வந்தார். கையில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அதில் மணி. ஒரு பல் நிமிர்ந்துதான் இருந்தது. குழந்தை கண்விழித்து அழுகிறான், மூச்சு இரண்டு பக்கமும் ஒழுங்காக ஓடுகிறது என்றார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணி அழவில்லை. கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழுத்தினது சரியாத்தான் இருக்கு. அப்புறம் எப்படிக் கழண்டுச்சு?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அந்தக் கேள்வி மூன்று நாள் அவரைத் தின்றது. சமையல் அண்ணன் கைக்குப் போயிற்று. அண்ணி, சோதனைக்காக எடுத்துவைத்திருந்த கயிறுகளைக் கொக்கியில் மாட்டி எடையைக் கூட்டிக்கொண்டே போனார். நான்கு கிலோ, ஐந்து கிலோ. அசையவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் கிடந்த பருத்திக் கயிறு ஒன்றை அண்ணி எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். மெலிந்திருந்தது. பிறகு பத்துக் கயிறுகளை வாளியில் போட்டுத் துவைத்து, காயவைத்து, திரும்பத் துவைத்தார். நான்காவது துவையலுக்குப் பிறகு ஈரத்தோடு எடை தொங்கவிட்டபோது மூன்று மணிகள் வெறும் இரண்டு கிலோவிலேயே வழுக்கி விழுந்தன. துவைக்கத் துவைக்கக் கயிறு மெலிகிறது, பசையும் கரைகிறது.

"நான் காஞ்ச கயித்தைத்தான் இழுத்துப் பார்த்திருக்கேன்" என்றார் அண்ணனிடம். "குழந்தை வாயில இருக்கறது ஈரக் கயிறு. இது ஏன் எனக்குத் தோணலை?"

"யாருக்குமே தோணலையே."

"யாரும் நுனி போடறவங்க இல்லையே."

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். பேருந்தில், தண்ணீர் சிந்தச் சிந்த. மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "ஒரே ஒரு புகார்தானேம்மா. வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றார். அண்ணி அவருடைய மேசைமேலேயே ஈரக் கயிற்றை வைத்து, அவர் கையாலேயே இழுக்கச் சொன்னார். இரண்டாவது கயிற்றில் மணி கழன்று மேலாளரின் தேநீரில் விழுந்தது. மருத்துவரும் கடிதம் எழுதியிருந்தார். விற்காமல் கிடந்த சட்டைகளைத் திரும்ப எடுக்கச் சம்மதித்தார்கள். விற்றுப்போனதற்கு என்ன செய்வது என்பதில் பேச்சு இழுத்தது.

அண்ணி இழுபறிக்குக் காத்திருக்கவில்லை. அதிகம் விற்ற கடைக்குப் போய், வாசலோரம் நாற்காலி போட இடம் கேட்டார். கடைக்காரர் முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு, நாளைக்குத் தன் கடைப் பெயரும் கெடும் என்று யோசித்தோ என்னவோ, நாற்காலியைத் தானே எடுத்துப் போட்டார். அண்ணி ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார்: இந்தச் சட்டை வாங்கியவர்கள் கொண்டுவாருங்கள். கயிற்றை எடுத்துவிட்டுத் தொப்பியைத் தைத்துத் தருகிறேன். குப்பி கழன்று குழந்தையின் மூச்சுக்குழாயில் போயிருக்கிறது. பிழை என்னுடையது.

அண்ணன் அதைப் படித்துவிட்டு, "கடைசி வரி வேணுமா?" என்றார்.

"அது இல்லேன்னா எவளோ ஒருத்தி வேலையில்லாம உக்காந்திருக்கான்னு போயிருவாங்க."

ஐந்து வாரம் அங்கே உட்கார்ந்தார், மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டு. சிலர் திட்டினார்கள். ஒருவர் அட்டையைக் கிழித்தார். அடுத்த நாள் அண்ணி வேறு அட்டை எழுதினார். வந்த சட்டைகளில் பதினொன்றில் ஏற்கெனவே ஒரு மணி இல்லை. அந்தப் பதினொரு வீட்டாரையும், மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லி, குழந்தையோடு என்னிடம் அனுப்பினார். நல்லவேளை, ஒரு குழந்தையின் உள்ளேயும் எதுவும் இல்லை. ஒவ்வொரு படத்தையும் நான் பார்க்கும்வரை கடை வாசலிலிருந்து அண்ணன் தொலைபேசியில் இருப்பார். பின்னால் அண்ணியின் குரல் மட்டும் கேட்கும்: "என்னவாம்?"

கடைசியில் தொழிற்சாலையே கடைகளில் அறிவிப்பு ஒட்டியது. மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டு, இனி எந்தக் குப்பி போடலாம் என்று கேட்டார். அண்ணி சொன்ன பதில் அவர் எதிர்பார்க்காதது.

"இந்த வயசுப் புள்ளைக்குக் கழுத்துல கயிறே எதுக்கு? எங்கயாவது மாட்டி இழுத்தாலும் ஆபத்துதான். எலாஸ்டிக் வெச்சுத் தைங்க."

"அப்ப உங்களுக்கு வேலை?"

"பெரியவங்களுக்குக் கயிறு இல்லாமயா போயிரும்."

அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த ஏழு மாதம் பிரஸ் பெரும்பாலும் சும்மா இருந்தது. அந்த மாதங்களில்தான் அவர் உலோகமே இல்லாத நுனியைச் செய்ய ஆரம்பித்தார். கயிற்றின் முனையைத் தனக்குள்ளேயே திருப்பி மடித்து, நீளவாக்கில் தைத்து, மேலே மெழுகு நூலால் நெருக்கமாகச் சுற்றி, நூலின் கடைசியை உள்ளேயே இழுத்து ஒளிப்பது. கழல்வதற்கு அதில் எதுவுமே கிடையாது. முதலில் செய்தவை கட்டைவிரல் பருமனில் வந்தன. "இதைக் கோக்க ஓட்டை இல்ல, கதவு வேணும்" என்றார் அண்ணன். பிறகு வந்தவை ஒல்லியாக இருந்தன, ஆனால் துவைத்ததும் நூல் பஞ்சானது. எட்டாவது மாதம் பேனா முள்ளைப்போல நேராக, விறைப்பாக, எந்த ஓட்டையிலும் ஒரே குத்தில் நுழையும் நுனி வந்தது. இரண்டு நிற நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, மீன் செதில், கதிர், படிக்கட்டு என்று அதில் கோலங்கள் போட்டார். இருபது தடவை துவைத்து, ஈரத்தோடு எடை தொங்கவிட்ட பிறகே வெளியே காட்டினார். முதலில் ஒரு பை தைப்பவர் வாங்கினார், பிறகு ஒரு ஷூ கடை. இன்று அண்ணியிடம் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். வாளி இல்லாத மேசை அங்கே ஒன்றுகூடக் கிடையாது.

பேருந்து ஓட்டும் அந்தப் பெண் அண்ணியோடு வெகுநாள் பேசவில்லை. அண்ணியும் வற்புறுத்தவில்லை. அவள் ஓட்டும் வண்டியில் ஏற நேர்ந்தால் பின்வாசலில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள், எங்கள் தெருமுனை நிறுத்தத்தில் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "முன்னாடி எடம் இருக்கே, ஏன் அங்க போய் ஆடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள். அண்ணி முன்னால் வந்து உட்கார்ந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "பையனுக்குப் பேச்சு நிக்க மாட்டேங்குதாம். இருமலே தேவலாம்னு சொல்றா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று முழுவதும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

போன வாரம் ஒரு சேர்ந்திசைக் குழுவிலிருந்து ஆள் வந்திருந்தார். அவர்களுடைய மேலங்கியில் இடுப்புக் கயிறு உண்டாம். நாற்பது பேர் மேடையேறும்போது நுனிகள் ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கின்றன, பாட்டு தொடங்குவதற்குள் ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்றார். சத்தமே போடாத, ஆனால் கனமாகத் தொங்குகிற நுனி வேண்டுமாம். அண்ணி அங்கியை வாங்கி வைத்துக்கொண்டார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அண்ணன் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு நடையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். அண்ணி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வேகமா நடங்க" என்றார். "பாடறவங்க இவ்ளோ மெதுவா வரமாட்டாங்க."